கவுன்சிலர் கடிதம் எழுதினால் லாரி நிற்குமா?

கேள்வி: எங்கள் தெருவில் காலி மனையை வாடகைக்கு எடுத்து ஒருவர் நாலு டாரஸ் லாரி நிறுத்துகிறார். இன்னும் இரண்டுக்கு பெர்மிட் கேட்டிருக்கிறாராம். விடியற்காலை நாலு மணிக்கு வண்டியை ஸ்டார்ட் செய்து உறுமவிட்டால் அலமாரியில் டம்ளர் ஆடுகிறது. எங்கள் வார்டு கவுன்சிலர், “நான் ஆட்சேபம் எழுதித் தருகிறேன், பெர்மிட் வராது” என்கிறார். இங்கிலாந்தில் இருக்கும் என் மகனோ அங்கே அக்கம்பக்கத்தாரே ஆட்சேபிக்கலாம் என்கிறான். நிஜமா?
– ஒரு வாசகி, வண்டிப்பாளையம், கடலூர்

பதில்: வண்டிப்பாளையத்திலிருந்தே வண்டி வேண்டாம் என்று கடிதம்! சரி, விஷயத்துக்கு வருவோம்.

கவுன்சிலர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் அந்தக் கடிதத்துக்குச் சட்டத்தில் இடம் இல்லை. 1939-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தில் பெர்மிட் விண்ணப்பத்தை வெளியிட்டு ஆட்சேபம் கேட்பார்கள், உள்ளாட்சி அமைப்பும் காவல்துறையும் எதிர்த்துச் சொல்லலாம். அப்போதும் நகராட்சிதான் சொல்லலாம், தனி ஒரு உறுப்பினர் அல்ல. 1988 சட்டம் அந்த வாசலைச் சாத்திவிட்டது. பெர்மிட்டைச் சாதாரணமாக மறுக்கக் கூடாது என்கிறது அதன் 80-வது பிரிவு. பழைய பஸ் முதலாளிகள் புதுசாக வருகிறவரை எதிர்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றமும் 1991-இல் சொல்லிவிட்டது. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டி என்றால் பெர்மிட்டே வேண்டாம்.

மகன் சொல்வது பாதி சரி. அங்கே லாரி உரிமம் கேட்பவர் வண்டி நிற்கும் இடத்தையும் காட்டி, உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் போட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர், அந்த இடத்தால் தனக்கு என்ன தொந்தரவு என்று 21 நாளுக்குள் எழுதலாம். கவுன்சில் அமைப்பாக ஆட்சேபிக்கலாம். கவுன்சிலர் தன் பெயரில் மட்டும் எழுதினால், அங்கேயும் அது சட்டப்படி ஆட்சேபம் ஆகாது!

நம் ஊரில் பெர்மிட் என்பது ரோட்டில் ஓடுவதற்குத்தான். உங்கள் பிரச்சினையோ லாரி நிற்கிற இடம். அதனால் கவுன்சிலரிடம் வேறு வேலை வாங்குங்கள். அந்த மனையில் லாரி ஷெட் நடத்த மாநகராட்சியின் தொழில் உரிமம் இருக்கிறதா என்று மன்றக் கூட்டத்தில் அவர் கேட்கட்டும். குறுகலான தெருவில் கனரக வண்டி நுழையத் தடை போட அதே 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் 115-வது பிரிவு இருக்கிறது, மன்றத் தீர்மானத்தோடு ஆட்சியரிடம் போனால் அந்தக் கோரிக்கைக்குக் கனம் கூடும். அப்புறம் சத்தம். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் வரம்பு, அதைச் சொல்லித் தெருக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, பொதுத் தொல்லை என்று கோட்டாட்சியரிடம் மனு கொடுங்கள். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-வது பிரிவு என்பார்கள், 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதிலாக வந்த புதுச் சட்டத்தில் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) அது 152.

மனுவில் லாரி நம்பர் இருக்கட்டும், ஆனால் முதல் வரியில் அந்த மனையின் சர்வே எண்ணை எழுதுங்கள்.