இரும்பு உடம்பு ஸ்கூட்டரும் எல்.பி. ரோடும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கல்லூரியில் படிக்கும்போதிருந்தே எனக்கு வெஸ்பா மேல் ஆசை. இப்போதுதான் முதல்முறையாக என் சம்பளத்தில் வண்டி வாங்கப் போகிறேன். வீட்டிலிருந்து நுங்கம்பாக்கம் ஆபீசுக்குப் போய்வர தினமும் 24 கிலோமீட்டர். என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். வீட்டில் எல்லோரும், "அந்தக் காசுக்கு ஆக்சஸ் வாங்கினால் மிச்சத்தில் ஃபிரிட்ஜே வாங்கலாம், மைலேஜும் கிடைக்கும்" என்கிறார்கள். ஆசைக்காக வாங்குவது தப்பா?
– வாசகி, திருவான்மியூர்

பதில்: தப்பே இல்லை. எட்டு, பத்து வருடம் தினமும் ஏறி உட்காரப் போகிற வண்டி, பார்க்கிறபோதே மனசுக்குப் பிடித்திருக்க வேண்டும் என்று நினைப்பது நியாயமான ஆசை. வீட்டில் சொல்கிறார்களே, அதில் பாதி சரி, பாதி சரியில்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மைலேஜ் விஷயத்தில் அவர்கள் பயப்படுகிற அளவுக்கு எதுவும் இல்லை. மாதம் 26 நாள் ஓட்டினால் 624 கிலோமீட்டர். நெரிசலில் வெஸ்பா லிட்டருக்கு 40 கொடுக்கிறது, மற்றது 50 கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒன்றுக்கு பதினைந்தரை லிட்டர், மற்றதுக்கு பன்னிரண்டரை லிட்டர். வித்தியாசம் மூன்று லிட்டர், அதாவது இன்றைய விலையில் முந்நூறு ரூபாய் சுமார். இதற்காக ஆசையை விட வேண்டியதில்லை.

கனமான விஷயம் விலைதான். தமிழ்நாட்டில் 2023 கடைசியிலிருந்து பைக், ஸ்கூட்டருக்கு ஆயுள் வரி, ஒரு லட்சம் வரை 10 சதவீதம், அதற்கு மேலே போனால் 12 சதவீதம். 90 ஆயிரம் ரூபாய் வண்டிக்கு வரி ஒன்பதாயிரம் வருகிற இடத்தில் ஒன்றேகால் லட்சம் ரூபாய் வண்டிக்குப் பதினைந்தாயிரம் வரும். ஷோரூம் விலையில் 35 ஆயிரம்தான் வித்தியாசம் என்று நினைத்துப் போனால் ரோட்டுக்கு வரும்போது அது 41 ஆயிரத்தைத் தாண்டிவிடும், இன்சூரன்ஸிலும் கொஞ்சம் ஏறும். அதனால் ஆன்-ரோடு விலையை எழுதி வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது, அதற்கு முந்தைய விலைப்பட்டியலை யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

சரி, அந்த அதிகப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது? இரும்பு. இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு, 1946-இல், பியாஜியோ கம்பெனிக்காக வெஸ்பாவை வடிவமைத்தவர் கொராடினோ தஸ்கானியோ. விமானம், ஹெலிகாப்டர் என்று வேலை செய்த பொறியாளர். அவர் தனியாக ஒரு சட்டம் (ஃபிரேம்) வைத்து அதன் மேல் மூடி போடவில்லை, தகட்டை வளைத்து அந்த உடம்பையே சட்டமாக்கிவிட்டார். முன்சக்கரத்தைப் பாருங்கள், ஒரு பக்கம் மட்டும்தான் கை இருக்கும், விமானத்தின் சக்கரத்தைத் தாங்குகிற மாதிரி. மறுபக்கம் திறந்து கிடப்பதால் கார் சக்கரம் போல நட்டைக் கழற்றி எடுத்துவிடலாம். இன்று பாராமதி ஆலையில் செய்து இங்கே விற்கிற வெஸ்பாவிலும் இந்த இரண்டும் அப்படியே இருக்கின்றன. கண்ணாடியில் அடையாறு பாலத்து லாரியைப் பார்த்தபடி போகும்போது, பக்கத்தில் அது உறுமிக்கொண்டு கடந்தாலும் வண்டி படபடக்காது. பிளாஸ்டிக் உடம்பு வண்டியில் சில மாதத்திலேயே ஆரம்பிக்கிற கிடுகிடு சத்தமும் குறைவு. எனக்கு அந்த அமைதிக்குக் காசு கொடுக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

ஆனால் அந்த இரும்பால்தான் எடையும். சுமார் 115 கிலோ. யமஹாவின் 125 சிசி ஸ்கூட்டர் ஃபசினோ 99 கிலோதான். ஓடும்போது தெரியாது. ஆபீஸ் பார்க்கிங்கில் இரண்டு பைக்குக்கு நடுவே பின்னால் இழுத்து வெளியே எடுக்கும்போதும், சென்டர் ஸ்டாண்டு போடும்போதும்தான் அந்தப் பதினாறு கிலோ தெரியும். உயரம் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சீட் உயரம் 770 மில்லிமீட்டர், ஆக்சஸ் 773, காகிதத்தில் இரண்டும் ஒன்றுதான். உட்கார்ந்து பார்த்தால் ஒன்றில்லை. வெஸ்பா சீட்டும் கால் வைக்கிற பலகையும் அகலம், தொடை விரிந்துவிடுவதால் பாதம் முழுதாகத் தரையில் படாது, உங்கள் உயரத்துக்கு நுனிவிரல்தான் ஊன்றும். பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு சிக்னலில் நிற்கும்போது நுனிவிரல் போதுமா என்று பாருங்கள். ஷோரூம் வாசலில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவதெல்லாம் டெஸ்ட் ரைடு ஆகாது. ஆபீசுக்குப் போட்டுப் போகிற அதே செருப்பில், அம்மாவையோ தங்கையையோ பின்னால் வைத்துக்கொண்டு, காலை ஒன்பதரைக்கு எல்.பி. ரோட்டில் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். மாட்டேன் என்றால் வேறு டீலரிடம் போங்கள்.

சக்கரம் சின்னது, முன்னால் 11 அங்குலம், பின்னால் 10. மெட்ரோவுக்குத் தோண்டிப் பாதி மூடிய ரோட்டில் 12 அங்குலச் சக்கரம் ஏறிப்போகிற பள்ளத்தில் இது இறங்கித்தான் ஏறும். டயரில் காற்று குறைந்தால் அந்த இடி நேராக முதுகில் விழும், ஆகவே வாரத்துக்கு ஒருமுறை காற்று பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நீங்கள் இருப்பது திருவான்மியூர். கடற்காற்று இரும்பைச் சும்மா விடாது. எங்கள் வீட்டில் வெகுநாள் ஓடிய ஒரு பழைய இரும்பு ஸ்கூட்டரில் (எந்தக் கம்பெனி என்பது வேண்டாம்) மேலே பெயின்ட் பளபளவென்று இருந்தது. ஒரு நாள் கால் வைக்கிற ரப்பர் மேட்டைத் தூக்கினால் அடியில் ஈரம், ஓரத்தில் நகக்கண் அளவுக்குப் பெயின்ட் உப்பியிருந்தது. சாவி முனையால் தட்டினேன், பொலபொலவென்று பழுப்பு நிறத்தில் உதிர்ந்தது. அதிலிருந்து மழைக்காலத்தில் மேட்டைக் கழற்றி வெயிலில் போடாமல் நான் இருந்ததில்லை. வாங்கின முதல் வாரமே அடிப்பக்கத்துக்குத் துரு தடுக்கும் கோட்டிங் அடித்துவிடுங்கள். கீறல் விழுந்தால் "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விடாமல் அன்றைக்கே டச்-அப் பெயின்ட் தொட்டுவிடுங்கள்.

கடைசியாக, எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது சர்வீஸ். ஆக்டிவாவுக்கோ ஜூபிடருக்கோ தெருமுனை மெக்கானிக்கே போதும், ஸ்பேர் எந்தக் கடையிலும் கிடைக்கும். வெஸ்பாவுக்கு டீலர்கள் குறைவு. வாங்குவதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை காலை சர்வீஸ் சென்டருக்குப் போய், அங்கே வண்டி விட வந்திருக்கிற இரண்டு பேரிடம் பேசுங்கள்: பிரேக் லீவர், கண்ணாடி, கேபிள் எல்லாம் எத்தனை நாளில் வந்தது என்று. அவர்கள் சொல்வதுதான் உண்மை நிலவரம்.

என் முடிவைக் கேட்டால்: கால் ஊன்றுவது சரியாக வந்து, சர்வீஸ் சென்டர் ஆபீஸ் போகிற வழியிலோ வீட்டுப் பக்கத்திலோ இருந்தால், வெஸ்பாவையே வாங்குங்கள். ஓட்டத்துக்கு 125 தாராளம். ஆனாலும் 2019-இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி 125 சிசி வரை காம்பி பிரேக் (ஒரு லீவரைப் பிடித்தாலே இரண்டு சக்கரத்திலும் பிரேக் பிடிப்பது) இருந்தாலே போதும், அதற்கு மேலேதான் ஏபிஎஸ் (அழுத்திப் பிடித்தாலும் சக்கரம் இறுகி வழுக்காமல் பார்த்துக்கொள்கிற பிரேக்) கட்டாயம். மழையிலும் ஓட்டப் போகிற நீங்கள் கையில் இடமிருந்தால் ஏபிஎஸ் உள்ள 150 சிசி வெஸ்பாவையும் ஓட்டிப் பாருங்கள். கால் சரியாக ஊன்றவில்லை என்றால் மனசைத் தேற்றிக்கொண்டு ஃபசினோவைப் பாருங்கள். அதுவும் பழைய பாணி வளைவுகள்தான், இரும்பு இல்லை, அவ்வளவே.

கேள்வி: புது வெஸ்பா விலைக்குப் பாதியில், நன்றாகப் புதுப்பித்த பழைய எல்.எம்.எல். வெஸ்பா ஒன்று வருகிறது. ஆபீசுக்கு ஓட்டலாமா?
– வாசகர், மதுரை

பதில்: ஞாயிற்றுக்கிழமை வண்டியாக வாங்குங்கள், ஆபீஸ் வண்டியாக வேண்டாம். அந்த வண்டியில் எஞ்சின் வலது பக்கமாகத் தொங்கும், இடது கைப்பிடியைத் திருகித்தான் கியர் மாற்ற வேண்டும், பெட்ரோலோடு ஆயில் சேர வேண்டும், பிரேக் டிரம். இன்றைய போக்குவரத்தில் முன்னால் போகிற கார் சட்டென்று நிற்கிற தூரத்துக்குள் அதை நிறுத்துவது கஷ்டம். ஸ்டெப்னி இருக்கிறது, அது ஒன்றுதான் இந்தக் கால ஸ்கூட்டரிடம் இல்லாத பெரிய வசதி. கான்பூர் ஆலை மூடிவிட்டதால் ஸ்பேருக்குச் சென்னை புதுப்பேட்டை, ஜி.பி. ரோடு மாதிரி இடங்களில் தேடத்தான் வேண்டும். பணம் கொடுக்கும் முன் ஆர்.சி.யைக் கையில் வாங்கிப் பாருங்கள். 15 வருடம் தாண்டிய வண்டி என்பதால் எஃப்.சி. (தகுதிச் சான்று) எதுவரை இருக்கிறது, எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். புதுப்பித்த வண்டியில் சில சமயம் எஞ்சினையே மாற்றியிருப்பார்கள், அதை ஆர்.சி.யில் ஏற்றியிருக்க மாட்டார்கள். அப்படி இருந்தால், பெயின்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: அப்பா ஓட்டியது பஜாஜ் சேடக். காலையில் அதை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்து அவர் ஸ்டார்ட் செய்வது இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்தப் பெயரில் வருகிற எலெக்ட்ரிக் வாங்கினால் அவர் சந்தோஷப்படுவார். வாங்கலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் போதும்: இரவு வண்டி நிற்கிற இடத்தில் உங்கள் மீட்டரிலிருந்து வருகிற பிளக் இருக்கிறதா? சொந்த வீடென்றால் யோசிக்காமல் வாங்கலாம். அடுக்குமாடி என்றால் முதலில் அசோசியேஷனிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், வண்டியை அப்புறம் புக் செய்யலாம். வண்டி அப்பா காலத்துச் சேடக் போலவே இரும்பு உடம்பு. 2024 டிசம்பரில் வந்த 35 வரிசையில் சீட்டுக்கு அடியில் 35 லிட்டர் இடம், ஹெல்மெட்டும் காய்கறிப் பையும் சேர்ந்தே போகும். அப்பாவை ஷோரூமுக்குக் கூட்டிப்போய் பின்சீட்டில் உட்கார வைத்து ஒரு சுற்று போய் வாருங்கள்.

கேள்வி: டீலர் கொடுத்த பில்லில் இன்சூரன்ஸ், ஆக்சசரீஸ், ஹேண்ட்லிங் என்று நிறைய கணக்குகள். எதைக் கழிக்கச் சொல்லலாம்?
– வாசகர், தாம்பரம்

பதில்: புது வண்டிக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம், அதில் பேச ஒன்றுமில்லை. ஆனால் அதை டீலரிடம்தான் எடுக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. வெளியே இரண்டு கம்பெனியில் விலை கேட்டுவிட்டுப் போனாலே டீலர் இறங்கி வருவார். ஹேண்ட்லிங் சார்ஜ் எதற்கு என்று கேட்டு, பதில் சரியில்லை என்றால் எடுக்கச் சொல்லுங்கள். இரும்பு உடம்பு வண்டி என்றால் கிராஷ் கார்டு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள், பார்க்கிங்கில் ஒரு பைக் சாய்ந்தாலும் டிங்கரிங் செலவு மிச்சம். இன்னொன்றையும் கவனியுங்கள். நம் வண்டியின் சேதத்துக்கும் சேர்த்து எடுக்கிற சாதாரண பாலிசியில் கிளெய்ம் வரும்போது பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலையைக் கழித்துவிடுவார்கள். உலோகத்துக்கு வண்டியின் வயசைப் பொறுத்துத்தான் கழிவு, முதல் ஆறு மாதம் கழிவே இல்லை. ஆனால் பெயின்ட் பொருளின் விலையில் பாதி உங்கள் கையிலிருந்துதான். இரும்பு வண்டியில் அடிபட்டால் பெயின்ட் செலவுதான் பெரிசு, ஆகவே முதல் இரண்டு மூன்று வருடம் ஜீரோ டெப் (இந்தக் கழிவு இல்லாத பாலிசி) எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது.

கேள்வி: போன மழையில் முட்டளவு தண்ணீரில் ஸ்கூட்டர் நின்றுவிட்டது. செல்ஃப் அடித்துப் பார்த்தேன், கிளம்பவில்லை. இனி என்ன செய்வது?
– வாசகி, வேளச்சேரி

பதில்: செல்ஃப் அடித்ததுதான் தப்பு. ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், பிஸ்டன் அதை அழுத்தப் பார்த்து கனெக்டிங் ராடு வளையும், ஆயிரத்தில் முடிய வேண்டிய வேலை பல ஆயிரமாகிவிடும். நின்றால் நின்றபடியே தள்ளிக்கொண்டு மேடான இடத்துக்குப் போங்கள். மெக்கானிக் வந்ததும் எஞ்சின் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிக் காட்டச் சொல்லுங்கள், பால் ஊற்றிய காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, மொத்த ஆயிலையும் மாற்ற வேண்டும். இடது பக்க பெல்ட் கவரையும் திறந்து காய வைக்கச் சொல்லுங்கள், பெல்ட் நனைந்திருந்தால் வண்டி உறுமுமே தவிர நகராது. மெக்கானிக் வரும்வரை சாவி கைப்பைக்குள்ளேயே இருக்கட்டும்.