மாத்திரை போட்டு மாதவிலக்கை வரவழைக்கலாமா?

"எனக்கு 22 வயது. திருமணமாகவில்லை. 30 நாளுக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த மாதவிலக்கு, எட்டு மாதங்களாக 50, 60 நாள் வரை தள்ளிப்போகிறது. ஒரு வருடத்தில் ஆறு கிலோ எடை கூடிவிட்டது. முகத்தில் பருவும் அதிகம். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி ஐந்து நாள் போட்டேன். நிறுத்திய மூன்றாம் நாள் வந்துவிட்டது. அடுத்த முறை மறுபடியும் தள்ளிப்போனது. தொடர்ந்து போடலாமா?"

நீங்களாகப் போட வேண்டாம். மாதவிலக்கு தள்ளிப்போவது என்றால், பெரும்பாலும் கருமுட்டை வெளிவருவது தள்ளிப்போகிறது என்றே பொருள். முட்டை வெளியான பிறகு ரத்தப்போக்கு தொடங்க ஏறக்குறைய 14 நாள் ஆகும். அந்தக் கணக்கு அதிகம் மாறாது. மாறுவதெல்லாம் முட்டை முதிரும் காலம்தான். நீங்கள் போட்டது புரோஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோன் வகை மாத்திரையாக இருக்கும். அதை நிறுத்தியதும் கர்ப்பப்பையின் உள்சவ்வு உதிர்கிறது, அவ்வளவுதான். முட்டை ஏன் முதிரவில்லை என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

21 முதல் 35 நாள் வரையிலான சுழற்சி இயல்பானது. ஓரிரு முறை சில நாள் முன்பின் ஆனால் பயப்பட வேண்டாம். பூப்பெய்திய முதல் சில வருடங்களில் 45 நாள்கூட ஆகலாம். உங்கள் வயதில் எட்டு மாதமாக இப்படி என்றால் காரணத்தைத் தேடத்தான் வேண்டும்.

உறவுக்கு வாய்ப்பிருந்தால் முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. திருமணமாகாத பெண்ணிடம் மருத்துவர் இதைக் கேட்டால் மனம் வருந்தாதீர்கள். யாரிடமும் கேட்டே ஆகவேண்டிய கேள்வி அது.

எடையும் பருவும் சேர்ந்து வந்திருப்பதால் எனக்கு முதலில் தோன்றுவது பிசிஓஎஸ் (PCOS) எனும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை. 'சினைப்பை நீர்க்கட்டி' என்ற பெயரைக் கேட்டே எத்தனையோ பெண்கள் அறுவை சிகிச்சை வரை நினைத்து அழுதுவிடுகிறார்கள். அவை அகற்ற வேண்டிய கட்டிகள் அல்ல. பாதியில் வளர்ச்சி நின்றுபோன முட்டைப் பைகள். உடலில் இன்சுலின் மிகும்போது சினைப்பை ஆண் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. முட்டை முதிர்வது தடைபடுகிறது. ஸ்கேனை மட்டும் வைத்து இந்த நோய் என்று முடிவுகட்டக் கூடாது. எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்குச் சுழற்சி சீராகத் தொடங்கும். 70 கிலோ என்றால் மூன்றரை கிலோவிலிருந்தே பலன் தெரியலாம். அதற்காகப் பட்டினி கிடக்காதீர்கள். சாப்பாடு போதாமல் கடுமையாக உடற்பயிற்சி செய்தால், மூளை சினைப்பைக்கு அனுப்பும் சமிக்ஞையையே குறைத்துவிடும். மாதவிலக்கு அடியோடு நின்றுபோகலாம். கடும் மன அழுத்தமும் இதே வழியில்தான் தாக்குகிறது.

தைராய்டு குறைவாலும், பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோனின் மிகுதியாலும் மாதவிலக்கு தள்ளிப்போகலாம். இரண்டையும் ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம். வாந்திக்குத் தரும் டோம்பெரிடோன், சில மனநல மருந்துகள் ஆகியவையும் புரோலாக்டினைக் கூட்டும். அவற்றை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மாதக்கணக்கில் உதிராமலே இருந்தால் உள்சவ்வு தடித்துக்கொண்டே போகும். வருடங்கள் கடந்தால் அது நல்லதல்ல. ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது உதிரும்படி மருத்துவரே புரோஜெஸ்டிரோனோ கருத்தடை மாத்திரையோ தருவதுண்டு. அப்போது பயப்படாமல் போடுங்கள். கருத்தடை மாத்திரை பிற்காலத்தில் குழந்தைப்பேற்றைக் கெடுப்பதில்லை. ஒற்றைத் தலைவலியோ, உங்களுக்கோ குடும்பத்திலோ ரத்தம் உறைந்த வரலாறோ இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

90 நாள் தாண்டினாலோ, கர்ப்பம் இல்லாமலே மார்பில் பால் கசிந்தாலோ, பார்வை மங்கலோடு தலைவலி வந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தால் அன்றே போக வேண்டும். கர்ப்பப் பரிசோதனை பாசிட்டிவாக இருந்து அடிவயிற்றில் கடும் வலி வந்தாலும் அப்படியே.

இந்த எட்டு மாதத் தேதிகளையும், மாத்திரை போட்டு வந்தது எது, தானாக வந்தது எது என்பதையும் ஒரு தாளில் எழுதி, மாத்திரை அட்டையோடு மகப்பேறு மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.