அப்பிள் பையின் அடி ஊறிப்போகிறது: புது ஓவன் வாங்கலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறேன். மகளின் பிறந்தநாளுக்கு, பேஸ்ட்ரி மாவுக்குள் அப்பிளைப் பொதிந்து சுடுகிற அப்பிள் பை செய்ய ஆசைப்பட்டு மூன்று தடவை முயன்றுவிட்டேன். மேல்பக்கம் நன்றாகச் சிவந்து வருகிறது. வெட்டினால் அடி பச்சை மாவாக, நனைந்த கடதாசி போல் கரண்டியில் ஒட்டுகிறது. தட்டில் தண்ணீர் நிற்கிறது. என்னிடம் இருப்பது மேசையில் வைக்கும் சின்ன மின் ஓவன், தடித்த பீங்கான் தட்டு. கேக் வகுப்பு நடத்தும் ஒருவர், இந்த ஓவனில் பை ஒருநாளும் வராது, பெரியது ஒன்றைத் தானே மலிவாக எடுத்துத் தருகிறேன் என்கிறார். பேஸ்ட்ரிக்கென்று தனி மாவும், வெளிநாட்டு 'அப்பிள் பை மசாலா'வும் தன்னிடம் இருப்பதாகச் சொல்கிறார். வாங்கலாமா அக்கா?

பதில்: வாங்காதீர்கள் தங்கச்சி. மேல்பக்கம் சிவக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் ஓவனில் சூடு இருக்கிறது. அது அடிக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். சேர்ந்த கொஞ்சச் சூடும் அப்பிள் விட்ட தண்ணீரைக் காய்ச்சுவதிலேயே தீர்ந்துவிடுகிறது. இந்த இரண்டையும் சரிசெய்ய ஓவன் விலை தேவையில்லை.

முதலில் தண்ணீர். அப்பிளில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு தண்ணீர்தான். ஒரு பைக்கு 1 கிலோ 200 கிராம் அப்பிள் வெட்டிப் போட்டால், கிட்டத்தட்ட ஒரு லீட்டர் தண்ணீரை மாவுக்குள் பொதிந்து வைக்கிறீர்கள் என்று அர்த்தம். சீனி பட்டதும் அது வெளியே வரத் தொடங்கும். மாங்காயில் உப்புப் போட்டு வைத்தால் சட்டியில் தண்ணீர் ஊறி நிற்பதில்லையா, அதே கதை. ஊறுகிற தண்ணீர் பேஸ்ட்ரிக்குள் ஊறாமல், முன்கூட்டியே சட்டியில் ஊறட்டும்.

தோல் சீவிய அப்பிளை அரைச் சென்ரிமீற்றர் தடிப்பில் வெட்டுங்கள். 120 கிராம் சீனி, ஒரு மேசைக்கரண்டி தேசிக்காய்ப் புளி, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துப் பிரட்டி ஒரு மணித்தியாலம் மூடி வையுங்கள். பிறகு ஒரு வடியில் கொட்டி வடியவிடுங்கள். கீழே சேரும் சாற்றை வீசக்கூடாது, மணமெல்லாம் அதில்தான் இருக்கிறது. சின்னச் சட்டியில் ஊற்றிக் கித்துள் பாணிப் பதத்துக்கு வற்றவிடுங்கள். முதலில் நுரை பெரிது பெரிதாகப் பொங்கும். தண்ணீர் குறையக் குறைய நுரை சிறுத்து, கரண்டியைத் தூக்கினால் கடைசிச் சொட்டு விழ யோசிக்கும். அடுப்பை அணைக்க வேண்டிய நேரம் அதுதான். முழுதாக ஆறியபின் இரண்டு மேசைக்கரண்டி கோன்பிளவர், ஒரு தேக்கரண்டி கறுவாத் தூளோடு அப்பிளில் கலந்துவிடுங்கள். சூட்டோடு கலந்து பச்சை மாவில் கொட்டினால் பட்டர் அங்கேயே உருகிவிடும், செய்த வேலையெல்லாம் வீண்.

இனி அடிச்சூடு. உங்கள் ஓவனின் பக்கத்தில் குமிழ்கள் இருக்கும். அதில் ஒன்றைச் சுற்றி மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, மேலும் கீழுமாய் இரண்டு கோடு என்று சின்னப் படங்கள் போட்டிருப்பார்கள். என்னிடம் இதே குறையோடு வந்தவர்களில் பாதிப்பேர் அந்தக் குமிழை மேல்கோட்டில் வைத்துக்கொண்டுதான் ஓவனைத் திட்டினார்கள். அது கிரில் பண்ணுவதற்கு. பைக்கு இரண்டு கோட்டில் இருக்க வேண்டும்.

பீங்கான் தட்டை ஒதுக்கி வையுங்கள், அது சூடேற நேரம் பிடிக்கும். 23 சென்ரிமீற்றர் அகலத்தில் மெல்லிய அலுமினியத் தட்டு ஒன்று புறக்கோட்டையில் பாத்திரக் கடைகளில் கிடைக்கும். ஓவனோடு வந்த இரும்புத் தட்டைக் கீழ்த் தட்டில் வைத்து, ஓவனை 220 பாகையில் அரை மணித்தியாலம் சூடாக்குங்கள். காய்ந்த தோசைக்கல்லில் மா விழுவது போல, பைத் தட்டு அந்தக் கொதிக்கும் இரும்பின்மேல் நேரே உட்கார வேண்டும். முதல் 20 நிமிடம் 220. பிறகு 190க்குக் குறைத்து 40 நிமிடமளவில். மேல்பக்கம் முந்திக்கொண்டு சிவந்தால் அலுமினியக் கடதாசியால் தளர்வாக மூடுங்கள், வெளியே எடுத்துவிடாதீர்கள். மேல்மூடியில் கத்தியால் கீறிய இடங்களில் சாறு கொதிப்பதைப் பாருங்கள். தண்ணீர் போல் சலசலவென்று கொதித்தால் இன்னும் ஆகவில்லை. கூழ் கொதிப்பது போல், தடித்த குமிழி மெதுவாக எழும்பி உடைந்தால் கோன்பிளவர் வெந்துவிட்டது. (கண்ணாடித் தட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: குளிரூட்டியிலிருந்து எடுத்த கண்ணாடியைச் சூடான இரும்பில் வைக்கவே கூடாது. வெடிக்கும்.)

இன்னொன்று, குமிழ் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். என் வீட்டு ஓவனில் 200இல் வைத்தால் உள்ளே 165தான் ஏறுகிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் போயிற்று. உள்ளே தொங்கவிடும் சின்னச் சூடுமானி ஒன்று வாங்கிவிடுங்கள். அந்த அலுமினியத் தட்டை விட்டால் நீங்கள் செலவு செய்ய வேண்டிய ஒரே சாமான் அதுதான். ஓவன் விற்பவர் எவரும் இதைச் சொல்லமாட்டார், சொன்னால் பழைய ஓவனை நீங்கள் மாற்றமாட்டீர்களே.

நான் சொன்னதற்கு ஒரேயொரு விலக்கு உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கொழும்பு மாடிவீடுகளில் இப்போது நிறையப் பேரிடம் இருப்பது இதுதான். மைக்ரோவேவும் ஓவனும் ஒன்றாய்ச் சேர்ந்து வருகிற பெட்டி. கதவைத் திறந்து உள்ளே பாருங்கள். சுழலும் கண்ணாடித் தட்டும், சுவரில் காற்றாடித் துவாரங்களும் மட்டும் இருந்து, அடியில் சூட்டுக் கம்பி இல்லையென்றால் அடிச்சூடு என்ற பேச்சே இல்லை. சுடுகாற்று சுற்றிச் சுற்றி மேலே அடிக்கும், அடி வெளுத்துக் கிடக்கும். இதில் செய்கிறவர்கள் அடிப் பேஸ்ட்ரியைத் தனியாக முன்னரே சுட்டுக்கொள்ள வேண்டும். தட்டில் மாவைப் பரத்தி, முள்ளுக்கரண்டியால் குத்தி, பட்டர் கடதாசி விரித்து, அதன்மேல் ஒரு சுண்டு அரிசியோ காய்ந்த கடலையோ கொட்டுங்கள். இல்லாவிட்டால் மா பொங்கி எழும்பும். 200 பாகையில் 20 நிமிடம். அரிசியையும் கடதாசியையும் எடுத்துவிட்டு இன்னும் 10 நிமிடம், அடி காய்ந்து பொன்னிறமாகும்வரை. ஆறியபின் அப்பிளை நிரப்புங்கள். சுட்ட விளிம்பில் பச்சை மூடி ஒட்டாது, ஆகவே முழுமூடி போடாமல் மாவை வட்டம் வட்டமாக வெட்டி ஓடு அடுக்குவது போல் மேலே அடுக்கிச் சுடுங்கள். எந்தக் கட்டத்திலும் மைக்ரோவேவ் பொத்தானில் கை வைக்காதீர்கள். பேஸ்ட்ரி இறப்பராகிவிடும், அலுமினியத் தட்டென்றால் தீப்பொறி பறக்கும். இப்படிச் செய்தும் திருப்தி இல்லாதவர்கள் மட்டும் வேறு ஓவனைப் பற்றி யோசிக்கலாம். அதுவும் கடைக்குத் தாங்களே போய், குமிழைத் திருப்பிப் பார்த்து, உத்தரவாதப் பத்திரத்தில் தங்கள் பெயரை எழுதுவித்து வாங்க வேண்டும். 'நான் எடுத்துத் தருகிறேன்' என்று ஒருவர் நடுவில் நின்றால் பழுது வரும்போது கடை அவரைக் காட்டும், அவர் கடையைக் காட்டுவார். என் மாணவி ஒருவர் எட்டு மாதம் இப்படி அலைந்தார்.

அந்தத் தனி மா வேண்டாம். பலசரக்குக் கடையில் கிலோக் கணக்கில் விற்கும் சாதாரணக் கோதுமை மா போதும். 320 கிராம் மா, 225 கிராம் பட்டர், ஒரு மேசைக்கரண்டி சீனி. பட்டரில் உப்பு இல்லையென்றால் அரைத் தேக்கரண்டி உப்பு. பனிக்கட்டித் தண்ணீர் ஆறு மேசைக்கரண்டியில் தொடங்குங்கள். நம் ஊர்க் காற்றில் மாவே ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், ஆகவே வெளிநாட்டுக் குறிப்பில் உள்ள அளவு அப்படியே பொருந்தாது.

அடி ஊறுவதில் பட்டருக்கும் பங்கு உண்டு. பேஸ்ட்ரி பொரபொரவென்று வர வேண்டுமானால், சின்னச் சின்னப் பட்டர்க் கட்டிகள் மாவுக்குள் உருகாமலே ஓவனுக்குப் போக வேண்டும். அங்கே உருகி, ஆவி கிளம்பி, மாவை அடுக்கடுக்காய்ப் பிரிக்கும். இது குளிர்நாட்டில் பிறந்த பலகாரம், அங்கே அடுப்படி மேசையே குளிர்ந்துதான் இருக்கும். நம் அடுப்படியோ பகலில் 30 பாகை. பட்டர் 32, 33இலேயே உருகத் தொடங்கும், உங்கள் உள்ளங்கை அதைவிடச் சூடு. விடிய ஆறு மணிக்கு முன் செய்யுங்கள். பட்டரைக் கடலையளவு துண்டுகளாக்கி, மாவையும் கிண்ணத்தையும் சேர்த்து அரை மணித்தியாலம் குளிரவைத்து, விரல் நுனியால் மட்டும் உதிருங்கள். மா மினுங்கத் தொடங்கினால் பட்டர் உருகுகிறது. உடனே எல்லாவற்றையும் ஃபிரிட்ஜுக்குள் தள்ளிவிட்டுத் தேத்தண்ணி குடியுங்கள். திரட்டிய மாவுக்கு ஒரு மணித்தியாலம் குளிர், தட்டில் பரத்தியபின் இன்னும் அரை மணித்தியாலம்.

பட்டர் என்று சொல்லி விற்பதெல்லாம் பட்டரா என்பது வேறு கதை. பெரிய கட்டியை வெட்டிப் பொலித்தீனில் சுற்றி, லேபிள் இல்லாமல் 'வகுப்புக்காரருக்கு விசேட விலை' என்று தருவார்கள். வீட்டுக்கு வந்ததும் மிளகளவு கிள்ளி நாக்கில் வைத்து மேலண்ணத்தில் அழுத்துங்கள். பட்டர் என்றால் கரைந்து பால்மணத்தோடு போய்விடும், வாய் சுத்தமாக இருக்கும். மாஜரின் என்றால் அண்ணத்தில் மெழுகு பூசினாற்போல் ஒரு படை நிற்கும், வெந்நீர் குடித்தால்தான் போகும். பேஸ்ட்ரி மாஜரின் அதிகச் சூட்டில்தான் உருகும், கையாளச் சுகம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மாஜரினை மாஜரின் விலைக்கு விற்கட்டும். லேபிள் இருந்தாலும் எழுத்து எறும்பளவு, தமிழைத் தேட வேண்டும், கிடைத்தால் பிழையோடு இருக்கும். இதைப் பற்றி ஒருமுறை முறைப்பாடு கொடுக்கப் போய் இரண்டு கந்தோர் ஏறி இறங்கினேன். மூன்றாவது இடத்தில், பொட்டலத்தைக் கொண்டுவந்தீர்களா என்று கேட்டார்கள். பட்டரைக் கையில் வைத்துக்கொண்டு கொழும்பு வெயிலில் எத்தனை பஸ் மாறுவது?

அந்த மசாலாத் தூளுக்குக் காசு கொடுத்தீர்களென்றால் உண்மையிலேயே எனக்கு வயிறெரியும். அதில் முக்கால்வாசி கறுவா. உலகத்துக்குக் கறுவா கொடுக்கிற நாட்டில் இருந்துகொண்டு, வெளிநாட்டு டப்பாவில் வருகிற மட்டக் கறுவாவை நாலு மடங்கு விலைக்கு வாங்குவதா? இலங்கைக் கறுவாவுக்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊர்ச் சரக்குக்கே உரிய பெயர் என்ற பாதுகாப்பு, கொடுத்தது. வெளியூர்க்காரன் நம்முடையதைப் பெயர் சொல்லித் தேடுகிறான். முழுப்பட்டையாக வாங்குங்கள். நம்முடையது சுருட்டுப் போல், கடதாசித் தடிப்பில் பல சுற்றாக உருண்டிருக்கும், விரலால் நசித்தாலே நொறுங்கும். ஒற்றைச் சுற்றில் மரப்பட்டை போல் தடித்து, உடைக்கச் சுத்தியல் கேட்பது கசியா என்கிற அந்த மட்டக் கறுவா. கறுவாவை இடித்து அரித்து, சாதிக்காய் கொஞ்சம் சீவிப் போட்டால் மசாலா முடிந்தது.

அப்பிளில் ஒரே எச்சரிக்கை: சிவந்து மினுங்குகிற ரெட் டெலிஷஸ் பைக்கு ஆகாது, கூழாகிவிடும். புளிப்புள்ள பச்சை கிரானி ஸ்மித் பாதி, காலா அல்லது ஃபூஜி பாதி எடுங்கள். ஒட்டியிருக்கும் சின்னச் சீட்டில் 4017 அல்லது 4139 என்று இருந்தால் கிரானி ஸ்மித். 'எல்லாம் ஒன்றுதான் மிஸ்' என்கிற கடையில் வாங்காதீர்கள். காயை எண்ணி வாங்காமல் நிறுத்து வாங்குங்கள். 2022 நெருக்கடியில் அப்பிள் இறக்குமதிக்கே கட்டுப்பாடு வந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். அதற்கு முன்னும் பின்னும் வர்த்தமானி ஒன்று வந்தால் விலை ஏறும், இன்னொன்று வந்தால் இறங்க மறுக்கும். நல்ல காய்க்கும் வெம்பல் காய்க்கும் கிலோவுக்கு ஒரே இறக்குமதி அறவீடு என்றால், வியாபாரி எதைக் கொண்டுவருவான்? அதைக் கேட்க ஆளில்லை.

சரி, கடைசியாக, தட்டில் தண்ணீர் நிற்பதற்கு இன்னொரு காரணம்: சூட்டோடு வெட்டுகிறீர்கள். கோன்பிளவர் இறுக மூன்று, நான்கு மணித்தியாலம் வேண்டும். மகளின் பிறந்தநாளுக்கு முதல்நாள் பின்னேரமே சுட்டு, மூடாமல் கம்பித்தட்டில் ஆறவிடுங்கள். மூடினால் வேர்த்து மேல்பேஸ்ட்ரி நமுத்துப்போகும். இரவில் எறும்பு வரும், அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் வையுங்கள். அடுத்தநாள் கேக் வெட்டுவதற்கு முன் 180 பாகையில் பத்து நிமிடம் காட்டினால் போதும்.