இருபது கஜத்தில் நின்ற மான் எப்படித் தப்பியது?

கேள்வி: பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்குப் பிறகு வரும் சக்கிமுக்கித் துப்பாக்கிப் பருவத்தில் மூன்று ஆண்டுகளாக மான் வேட்டைக்குப் போகிறேன். .50 காலிபர் நீள்குழல் துப்பாக்கி, துணி சுற்றிய உருண்டை ஈயக்குண்டு, 70 கிரெயின் கரிமருந்து. மேசையில் சாய்த்து 50 கஜத்தில் சுட்டால் குண்டுகள் உள்ளங்கை அகலத்துக்குள் விழுகின்றன. ஆனால் சென்ற ஜனவரியில் 20 கஜத்தில் பக்கவாட்டில் நின்ற பெண்மானைத் தவறவிட்டேன். பின்னால் இருந்த மரத்தில், அதன் முதுகுக்கு மேலே, குண்டு பட்ட காயம் தெரிந்தது. முந்திய ஆண்டும் ஏறக்குறைய இதே கதைதான். “கிட்டத்தில் குண்டு மேலே ஏறும், முன்குறியைக் கொஞ்சம் அராவிவிடு” என்கிறார் நண்பர். அராவலாமா?

பதில்: முதலில் அரத்தைக் கீழே வையுங்கள். முன்குறியின், அதாவது குழலின் வாயருகே நிற்கும் சிறு முளையின், உயரத்தைக் குறைத்தால், அதை மானின் மேல் வைப்பதற்காகக் குழலின் வாயைக் கூடுதலாக உயர்த்துவீர்கள். குண்டு இன்னும் மேலேதான் போகும். குண்டைக் கீழே இறக்க வேண்டுமானால் பின்குறியின் (கண்ணுக்கு அருகே குழலின் மேல் இருக்கும் தகடு) பள்ளத்தைத்தான் ஆழமாக்க வேண்டும். உங்களுக்கு அதுவும் தேவையில்லை.

“கிட்டத்தில் குண்டு ஏறும்” என்பதில் அரைக்கால் உண்மை இருக்கிறது. பார்வைக் கோடு குழலுக்கு மேலே முக்கால் அங்குலம் அளவில் ஓடுகிறது. குண்டு கீழிருந்து கிளம்பி அந்தக் கோட்டைக் கடந்து, பிறகு இறங்குகிறது. எவ்வளவு ஏறும்? 50 கஜத்துக்குச் சரிசெய்த உங்கள் துப்பாக்கியில் 20 கஜத்தில் வரும் வித்தியாசம் கால் அங்குலம்கூட இராது. 75 கஜத்துக்குச் சரிசெய்திருந்தாலும் அரை அங்குலம்தான். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் சுமார் எட்டு அங்குல அகலம். எனவே குண்டின் பாதையைக் குற்றம் சொல்ல வழியில்லை.

என் கணிப்பு: சுடும்போது உங்கள் கன்னம் துப்பாக்கியின் மரக்கட்டையில் படிந்திருக்கவில்லை.

கணக்கைப் பாருங்கள். நீள்குழல் துப்பாக்கியில் முன்குறிக்கும் பின்குறிக்கும் நடுவே சுமார் 30 அங்குலம். 20 கஜம் என்பது 720 அங்குலம், அதாவது 24 மடங்கு. முன்குறி பின்குறியின் பள்ளத்துக்கு மேலே கால் அங்குலம் தூக்கிக்கொண்டு நின்றால் குண்டு ஆறு அங்குலம் மேலே போகும். அரை அங்குலம் தூக்கினால் பன்னிரண்டு அங்குலம். குண்டு முதுகைத் தாண்டி உங்கள் மரத்தில்தான் படும்.

இதே பிழையை 50 கஜத்தில் செய்தால் கால் அங்குலத்துக்கே பதினைந்து அங்குலம் தவறுமே, அங்கே மட்டும் ஏன் சரியாக விழுகிறது என்று கேட்பீர்கள். அங்கே அந்தப் பிழையைச் செய்ய மாட்டீர்கள் என்பதுதான் விடை. தூரத்து மான் சிறிதாகத் தெரியும். குறிகளைத் தேடிப்பிடித்துப் பொருத்தாமல் சுட மனம் வராது. இருபது கஜத்து மானோ கண் நிறைய நிற்கும். மூக்கிலிருந்து வரும் ஆவிகூடத் தெரியும். கண் மானை விட்டு வர மறுக்கும். நன்றாகப் பார்க்கத் தலை தானாக நிமிரும், கன்னம் கட்டையை விட்டுக் கிளம்பும், பின்குறி பார்வையிலிருந்து நழுவும். முன்குறி மட்டும் மானின் மேல் மங்கலாக நிற்கும். “குறி வைத்தேன்” என்று சத்தியம் செய்வீர்கள். பாதிக் குறிதான் வைத்திருப்பீர்கள்.

இதற்கு உங்கள் துப்பாக்கியும் குளிரும் உடந்தை. பதினெட்டாம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் வட்டாரத்து ஜெர்மானியக் கொல்லர்கள் வளர்த்தெடுத்த இந்த வகைத் துப்பாக்கிகளில் பல, கட்டையின் பின்முனையில் பிறை போல வளைந்த அடித்தகடு கொண்டவை. அது தோளுக்கும் புயத்துக்கும் இடையே உட்கார வேண்டும். கோடையில் பனியனோடு பழகும்போது உட்காரும். ஜனவரியில் இரண்டு கம்பளிச் சட்டைக்கு மேல் தடித்த கோட்டும் போட்டால் வழுக்கும், கட்டையும் கன்னத்தை விட்டு முன்னே தள்ளிப்போகும். வெளிச்சத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விடியலிலோ ஹெம்லாக் என்ற ஊசியிலை மரங்களின் அடர்நிழலிலோ முன்குறி கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாது. தெளிவாகப் பார்ப்பதற்காக, நமக்கே தெரியாமல், அதைப் பள்ளத்துக்கு மேலே தூக்கிவிடுகிறோம். என் கைகளிலும் இது நடந்திருக்கிறது. ஒருமுறை எட்டடி தூரத்தில் இருந்த புதரின் உச்சியைக் கத்தரித்துவிட்டு, மான் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டாவது சந்தேகம் நெருப்பைப் பற்றியது. விசையை அழுத்தியதும் குதிரை இறங்கும் (கல்லைக் கவ்வியிருக்கும் அந்த உறுப்புக்குத் தமிழில் பழைய பெயர் குதிரை, நல்ல பெயர்). பொறி, குழலின் பக்கத்தில் உள்ள சிறு கிண்ணத்து மருந்தில் விழும், அந்தத் தீ பக்கத்துத் துளை வழியாக உள்ளே போகும், பிறகுதான் குண்டு கிளம்பும். எல்லாம் சேர்ந்து ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஆனால் தலை தூக்கிப் பார்க்க அது தாராளமாகப் போதும். கிண்ணத்து மருந்து ஈரம் உறிஞ்சியிருந்தாலோ, துளைக்குள் மருந்து அடைத்துத் திரி போல எரிந்தாலோ இன்னும் தாமதமாகும். பனியும் மழையும் கலந்த நாளில் கிண்ணத்து மருந்தை அடிக்கடி துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். விசையை அழுத்திய பிறகும், புகை எழுந்து உங்கள் முகத்துக்கு வரும்வரை, முன்குறியைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

மான் சத்தம் கேட்டுக் குனிந்து தப்பியது என்று சிலர் சொல்வார்கள். அம்புக்கு அது பொருந்தும். உங்கள் குண்டு 20 கஜத்தைக் கடக்க நொடியில் நூற்றில் நான்கு பங்குதான் ஆகிறது. மானைக் கலைப்பது பெரும்பாலும் அதற்கு முன்னால் வரும் ‘கிளிக்’: குதிரையை முழுதாக இழுக்கும் ஓசை. மான் காதைத் திருப்பியதும் நமக்குப் பதற்றம் வந்து அவசரமாகச் சுடுகிறோம். மான் மரத்துக்குப் பின்னால் தலையை மறைக்கும் நேரத்திலேயே குதிரையை இழுத்துவிடுங்கள்.

முந்திய ஆண்டைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். அப்போதும் மரத்தில் காயம் பார்த்தீர்களா? அல்லது புகை விலகியபோது மான் இல்லை, நின்ற இடத்தில் ரத்தம் இல்லை, அதனால் தவறியது என்று முடிவு செய்தீர்களா? கரிமருந்துப் புகைக்குப் பின்னால் என்ன நடந்தது என்பது சுட்டவருக்குத் தெரியாது. நுரையீரலில் அடிபட்ட மான்கூட நூறு கஜம் ஓடும். உருண்டைக் குண்டு மறுபக்கம் வெளியேறாவிட்டால் முதல் இருபது முப்பது கஜத்துக்கு ஒரு சொட்டு ரத்தமும் விழாமல் இருக்கலாம். நின்ற இடத்தில் உதிர்ந்த மயிரைத் தேடுங்கள். பழுப்பு மயிர் உடலின் மேற்பகுதியிலிருந்து வந்தது; வெள்ளையாக இருந்தால் வயிறு. ஒன்றுமே கிடைக்காவிட்டாலும் தடத்தைக் குறைந்தது 150 கஜம் தொடருங்கள். பனி விழுந்த காட்டில் இதைச் செய்யாமல் திரும்புபவரை நான் மன்னிப்பதில்லை.

இனி பழக்கம். மேசையை விடுங்கள்; அது துப்பாக்கியைச் சோதிக்கும், உங்களைச் சோதிக்காது. வேட்டைக்குப் போடும் அதே கோட்டோடும் கையுறையோடும் நின்று, 20 கஜத்தில் வட்டமோ புள்ளியோ இல்லாத வெறும் காகிதத் தட்டைச் சுடுங்கள். துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கித் தூக்குவதில் தொடங்கி ஒவ்வொரு முறையும் முழுதாகச் செய்யுங்கள். குண்டுகள் உயரமாகக் குவிந்தால் கன்னம்தான் காரணம். பக்கவாட்டிலும் கீழுமாகச் சிதறினால் கிண்ணத்து நெருப்புக்குக் கண் சிமிட்டுகிறீர்கள் அல்லது விசையை வெடுக்கென்று இழுக்கிறீர்கள்.

வீட்டிலும் பழகலாம். குழலில் மருந்தும் குண்டும் இல்லை என்பதை இடிகோலை உள்ளே விட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கல்லைக் கழற்றிவிட்டு அதே அளவில் ஒரு மரத்துண்டைக் குதிரையின் வாயில் பொருத்துங்கள். கோட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணை மூடியபடி துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுவந்து கன்னத்தைப் படியவைத்து, பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள்: முன்குறி பள்ளத்தின் விளிம்போடு சமமாக இருக்கிறதா, தூக்கிக்கொண்டு நிற்கிறதா? தூக்கி நின்றால் கோட்டுக்குள் ஒரு சட்டையைக் குறைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.