தானாகப் படிப்பது எப்படி? மத்ரஸா, கம்பஸ் பிள்ளைகளுக்கான கேள்வி பதில்

இஸ்லாமிய உயர்கல்வியில் பிள்ளைகள் தாமாகத் தேடிப் படிக்கப் பழகுவது பற்றி வந்த கேள்விகளுக்கு முடிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன். ஸலாம் சொன்ன எல்லோருக்கும் வஅலைக்கும் ஸலாம்.

செட்டிக்குளம்: நானா (அண்ணன்), மத்ரஸாவில் ஓதி முடித்துவிட்டு ஒலுவில் கம்பஸுக்கு (தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு) வந்தேன். தலைப்பையும் புத்தகப் பெயர்களையும் சொல்லிவிட்டு விரிவுரையாளர் போய்விடுகிறார். நோட்ஸ் இல்லாமல் என்ன செய்வது?

தம்பி, உங்களுக்கு இது புதிதில்லை. மத்ரஸாவில் இரவில் முதாலஆ செய்தீர்கள்தானே? நாளைய பாடத்தை இன்றைக்கே திறந்து, ஹரகத் (உயிர்க்குறி) இல்லாத அரபு வரியோடு மல்லுக்கட்டி, விளங்காததை மட்டும் உஸ்தாதிடம் கொண்டுபோவதுதான் அது. அதையே இங்கும் செய்யுங்கள். மேல்வகுப்பு நானாவின் கொப்பியைப் பார்த்து எழுதிவிட்டுப் படுத்தவர்களுக்குத்தான் கம்பஸில் கஷ்டம்!

வவுனியா, ஓர் உஸ்தாத்: பிள்ளைகள் கேள்வியே கேட்பதில்லை, கேட்பது அதபுக் குறைவு (மரியாதைக் குறைவு) என்று நினைக்கிறார்கள்.

ஹஸரத், 'செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை' என்ற ஹதீஸைக் கொடுத்துப் பாருங்கள். இமாம் புகாரியின் ஹதீஸ் தொகுப்பான ஸஹீஹுல் புகாரியின் முதல் ஹதீஸ் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் இமாம் அதைத் திருமணம், அடிமை விடுதலை, சத்தியம் என்று வேறு பாடங்களிலும் கொண்டுவருகிறார். திருமணப் பாடத்தில் அதற்கு என்ன வேலை என்று கேட்டுவிட்டு, பதில் சொல்லாமல் வகுப்பை முடித்துவிடுங்கள். ஒரு பெண்ணை மணக்க ஹிஜ்ரத் செய்தவரைப் (ஊரை விட்டுக் குடிபெயர்ந்தவரைப்) பற்றி அதே ஹதீஸில் வருவதை யாராவது ஒருவன் கண்டுபிடித்துக்கொண்டு வருவான், அப்புறம் மற்றப் பாடங்களைத் தேட அவனுக்கு நீங்கள் சொல்லத் தேவையில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபிக்காதீர்கள். பரீட்சையில் நோட்ஸில் உள்ளதையே கேட்டால் பிள்ளை எதற்குத் தேடப்போகிறது?

முல்லைத்தீவு: அரபுக் கிதாபுகளைத் தேடிப் படிக்கும் ஷாமிலா மென்பொருளில் தட்டினால் எல்லாம் வருகிறதே, இனி உஸ்தாத் எதற்கு?

வரி வரும், சரி. ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூலான இமாம் நவவியின் மின்ஹாஜில் 'கீல' ('சொல்லப்பட்டது') என்று தொடங்கும் கருத்து பலவீனமானது. அது தெரியாமல் அந்த வரியை வெட்டி ஒட்டி, 'ஷாஃபிஈ மத்ஹபின் தீர்ப்பு இதுதான்' என்று வாட்ஸ்அப்பில் போடுகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தேடுங்கள், நல்லது, ஆனால் கிடைத்த வரிக்கு முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் வாசித்து, நீங்கள் விளங்கிக்கொண்டது சரியா என்று உஸ்தாதிடம் காட்டுங்கள்.

முசலி, ஓர் உம்மா: மகள் வெளிவாரியாகப் படிக்கிறாள். சிக்னலும் இல்லை, கேட்க ஆளும் இல்லை.

தாத்தா (அக்கா), மன்னாருக்குப் போகிற நாளில் 'நூலகம்' என்ற இணையத்தளத்திலிருந்து வேண்டிய தமிழ் நூல்களை இறக்கிப் போனில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், காசு இல்லை. பக்கத்தில் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் அஸர் தொழுகைக்குப் பிறகு சேர்ந்து உட்காரட்டும். ஒருத்தி புத்தகத்தை மூடிவிட்டுப் பாடத்தைச் சொல்ல, மற்றவர்கள் குறுக்குக் கேள்வி கேட்க வேண்டும். தடக்குப்படுகிற இடங்களைக் கொப்பியில் எழுதி வைத்து, மௌலவியாவை (மார்க்கம் படித்த ஆசிரியையை)க் காணும்போது மொத்தமாகக் கேட்கலாம். அந்த நேரத்தில் மட்டும் தேங்காய் துருவக் கூப்பிடாதீர்கள்.