கிளாரினெட்டில் மேல் சுரங்கள் கீச்சிடுவது ஏன்?

கேள்வி: நான் பல வருடங்கள் புல்லாங்குழல் வாசித்தவன். தேவாலய இசைக்குழுவுக்காக எட்டு மாதமாக பீ ஃபிளாட் கிளாரினெட் பழகுகிறேன். கீழ்ச் சுரங்கள் தடையின்றி வருகின்றன. மேல் சி-யைத் தாண்டினால் கீச்சொலி, அல்லது வெறும் காற்று. அழுத்திப் பிடித்தால் எப்போதாவது வருகிறது. ஆனால் கீழுதட்டின் உட்புறம் புண்ணாகிவிட்டது. இப்போது 2 எண் ரீட் (ஊதும்போது அதிரும் மெல்லிய நாணல் பட்டை) வைத்திருக்கிறேன். ரீட்டை மாற்றினால் சரியாகுமா?

பதில்: ரீட்டுக்குக் கடைசியில் வருகிறேன். உங்கள் சிக்கல் என்ன என்பதை அந்தப் புண்ணே சொல்லிவிட்டது. மேலே போகும்போது கீழ்ப்பல்லால் உதட்டைக் கடித்து ரீட்டை நெருக்குகிறீர்கள். ரீட்டுக்கும், அது பொருந்தியிருக்கும் மவுத்பீஸுக்கும் (வாயில் வைக்கும் பகுதி) நடுவே உள்ள மெல்லிய இடைவெளி அடைபட்டால் ரீட் எங்கே அதிரும்? வெறும் காற்றுதான் வரும்.

புல்லாங்குழல் பழக்கமும் உங்களைக் கொஞ்சம் ஏமாற்றுகிறது. அங்கே விரல்களை மாற்றாமல் ஊதலை மட்டும் மாற்றினால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் பேசும். கிளாரினெட் அப்படியில்லை. அது ஒரு முனை மூடிய உருளைக் குழாய்போல நடந்துகொள்ளும் வாத்தியம். கீழ் ஏ-யை சட்ஜம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடக்கைப் பெருவிரலருகே இருக்கும், ஒலியை மேலே தாவச் செய்யும் ரெஜிஸ்டர் சாவியை அழுத்தினால் மேல் சட்ஜம் வராது. அதையும் தாண்டிய பஞ்சமம் வரும். அதற்கடுத்த படி, இரண்டு ஸ்தாயிக்கு மேலே நிற்கும் அந்தர காந்தாரம். தம்புராவின் மந்தர சட்ஜத் தந்தியை மீட்டிவிட்டுக் காது கொடுத்தால் தானாக எழுகிறதே, அதே காந்தாரம்தான். உங்களுக்குப் பிடிபடாத சுரங்கள் தொடங்குவது இந்தப் படியில்தான்.

ஆகவே இதையே பயிற்சியாக்குங்கள். இடக்கைப் பெருவிரலும் மூன்று விரல்களும், வலக்கை ஆட்காட்டி விரலும் நடுவிரலும் மூடியிருக்க, கீழ் ஏ-யை நீளமாக ஊதுங்கள். மூச்சை நிறுத்தாமல் ரெஜிஸ்டர் சாவியை அழுத்துங்கள், ஈ வரும். அதே மூச்சில் இடக்கை ஆட்காட்டி விரலை மட்டும் தூக்குங்கள். சி ஷார்ப் வர வேண்டும். மூன்றுக்கும் உதடு அசையக் கூடாது. கண்ணாடி முன் நின்று வாசியுங்கள். தாடை மேலேறினால் அங்கேயே நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள். இது வசப்பட்டதும் வலது நடுவிரலையும் எடுத்துவிட்டு, பீ ஃபிளாட்டிலிருந்து தொடங்கினால் டி கிடைக்கும். இந்த டி-யில் சுருதி சற்றுத் தாழும். வலது சுண்டுவிரலால் ஈ ஃபிளாட் சாவியை அழுத்தினால் ஏறிவிடும்.

உதடு செய்யாத வேலையை யார் செய்வது? நாக்கு. கண்ணாடியில் ஆவி படிய ஊதும்போது 'ஹா' என்று வாய் திறந்திருக்கும். காற்று சூடாகவும் மெதுவாகவும் வரும். கொதிக்கும் காப்பியை ஆற்ற ஊதினால் காற்று குளிர்ந்து விரையும். உங்களுக்கு வேண்டியது இந்த இரண்டாவது காற்று. 'ஹீ' என்று சொல்லிப் பாருங்கள்: நாக்கின் பின்பகுதி மேலெழுந்து கடைவாய்ப் பற்களைத் தொடும். அந்த நிலையிலேயே ஊதுங்கள். என்னிடம் பயில்பவர்களில் பெரும்பாலோருக்கு இந்த ஒன்றைப் புரியவைக்கத்தான் மாதக்கணக்கில் ஆகிறது.

மவுத்பீஸை நுனியில் மட்டும் கவ்வுகிறீர்களோ என்றும் ஒரு சந்தேகம். ரீட்டுக்கும் மவுத்பீஸுக்கும் இடையே மெல்லிய காகிதத்தை நுழையுங்கள். அது எங்கே தடைபட்டு நிற்கிறதோ, அந்த இடத்துக்கு நேராகக் கீழுதடு இருக்கட்டும்.

கீச்சொலிக்கு விரல்களும் காரணமாகலாம். கமகத்துக்காகத் துளையைப் பாதி திறந்து பழகிய கை உங்களுடையது. இங்கே மயிரிழைக் கசிவுகூடக் காட்டிக்கொடுத்துவிடும், அதிலும் மோதிர விரல்களில். ரெஜிஸ்டர் சாவிக்கு அடியிலுள்ள சிறு துளையில் அழுக்கு சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இனி ரீட். 2 எண் ரீட் மேலே போகப்போகச் சுருதி இறங்கும், எளிதில் அடைபடும். 2.5-க்கு மாறுவது நல்லதுதான், ஆனால் புண் ஆறிய பிறகு. இப்போதே மாற்றினால் கடினமான ரீட்டை இன்னும் பலமாகக் கடிப்பீர்கள். அதுவரை ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், கீழ் ஏ-யிலிருந்து ஏறும் அந்தப் பயிற்சி மட்டும் போதும். உதடு வலித்தால் அன்றைக்கு வாத்தியத்தைப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.