34 என்ற எண்ணை இனி யாரும் அணிய மாட்டார்கள்

கேள்வி: ஓய்வுபெற்ற பேஸ்பால் பிட்சர் ஒருவரைக் கௌரவிக்கும் விழாவில், அவர் அணிந்திருந்த சட்டை எண்ணுக்கும் ஓய்வு கொடுத்ததாகச் செய்திகளில் படிக்கிறேன். எண்ணுக்கு ஓய்வு என்பதன் பொருள் என்ன? இந்த வழக்கம் எப்போது தொடங்கியது?

பதில்: பிட்சர் என்பவர் ஆடுகளத்தின் நடுவிலுள்ள சிறு மண்மேட்டில் நின்று மட்டையாளரை நோக்கிப் பந்தை எறிபவர். அவர் கையிலிருந்து பந்து புறப்படும்வரை ஆட்டத்தில் எதுவும் நிகழாது. ஆகவே அரங்கில் இருக்கும் அத்தனை பேரின் கண்களும் ஒவ்வொரு முறையும் முதலில் அவரிடம்தான் செல்கின்றன. ஆண்டுக்கணக்கில் அப்படிப் பார்த்துப் பழகிய ரசிகருக்கு, முதுகிலுள்ள எண் அந்த மனிதரின் இன்னொரு பெயராகவே ஆகிவிடுகிறது. அவர் விடைபெற்ற பிறகு, அந்த அணியில் வேறு எவருக்கும் அந்த எண்ணைக் கொடுப்பதில்லை என்று நிர்வாகம் முடிவெடுத்து, அரங்கின் சுவரிலோ மேல்மாடத்திலோ அதைப் பொறித்து வைப்பதையே எண்ணுக்கு ஓய்வு கொடுத்தல் என்கிறார்கள்.

மேஜர் லீக் எனப்படும், அமெரிக்காவின் உயர்மட்டப் பேஸ்பாலான பெருங்குழுப் போட்டிகளில் இதற்கு முதல் உதாரணம் நியூயார்க் யாங்கீஸ் அணியின் லூ கெரிக். தசைகளைச் செயலிழக்கச் செய்யும் கொடிய நோயால் ஆட்டத்தைக் கைவிட நேர்ந்த அவருடைய 4 என்ற எண்ணுக்கு 1939-இல் ஓய்வளித்தார்கள். அவர் பிட்சர் அல்லர். இந்தச் சிறப்பைப் பெற்ற முதல் பிட்சர், 1944-இல் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியால் கௌரவிக்கப்பட்ட கார்ல் ஹப்பல். அவருடைய எண் 11.

கேள்வி: இப்படியே போனால் எண்கள் தீர்ந்துவிடாதா?

பதில்: சில அணிகளுக்கு அந்த நெருக்கடி உண்மையாகவே இருக்கிறது. யாங்கீஸ் அணியில் 1 முதல் 9 வரையிலான எண்கள் அனைத்தும் ஓய்வில் இருக்கின்றன. 2017-இல் டெரெக் ஜீட்டரின் 2-ஆம் எண்ணுக்கு விழா எடுத்ததோடு அந்த வரிசை முடிந்துவிட்டது. ஒரே ஆட்டக்காரரை ஒன்றுக்கு மேற்பட்ட அணிகள் உரிமை கொண்டாடுவதும் உண்டு. 5,714 மட்டையாளர்களை, பந்தைச் சரியாக அடிக்க விடாமல் வெளியேற்றும் ஸ்ட்ரைக்அவுட் முறையில் வீழ்த்திய நோலன் ரயனின் 34-ஆம் எண்ணுக்கு ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸும் டெக்சாஸ் ரேஞ்சர்ஸும் ஓய்வளித்தன. ஏஞ்சல்ஸ் அணியோ தங்களிடம் ஆடியபோது அவர் அணிந்த 30-ஆம் எண்ணை ஒதுக்கி வைத்தது.

கேள்வி: எதிரணிகளும் ஒரு பிட்சருக்கு விழா எடுத்ததுண்டா?

பதில்: உண்டு. பனாமாவில் பிறந்து, 19 பருவங்களும் யாங்கீஸ் அணிக்காகவே ஆடிய மரியானோ ரிவேரா, 2013-ஆம் ஆண்டே தம்முடைய கடைசி ஆண்டு என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார். ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் வந்து அணியின் முன்னிலையைக் காப்பாற்றித் தருவதே அவருடைய வேலை. அந்த வகையில் 652 ஆட்டங்களைக் காப்பாற்றிக் கொடுத்தவர். அவர் அந்த ஆண்டு சென்ற ஊர்களில் எல்லாம் எதிரணிகள் அவருக்குப் பரிசளித்தன. அவற்றுள் என் மனத்தில் நிற்பது மினசோட்டா ட்வின்ஸ் கொடுத்த ஆடும் நாற்காலி. அது முழுக்க உடைந்த மட்டைகளால் செய்யப்பட்டது. கட்டர் என்று அழைக்கப்படும் அவருடைய பந்து, கடைசி நொடியில் பக்கவாட்டில் விலகி மட்டையின் மெல்லிய கைப்பிடிப் பகுதியில் பட்டு அதை முறித்துவிடும். தம்மைத் தோற்கடித்த அந்தத் திறமையையே பரிசாக வடித்துக் கொடுத்த எதிரணியின் பெருந்தன்மையை நான் உயர்வாகக் கருதுகிறேன்.

ரிவேராவும் பரிசுகளைப் பெற்றுக்கொண்டதோடு நிற்கவில்லை. சென்ற ஊர்களில், அரங்கங்களில் வெளியே தெரியாமல் உழைக்கும் பணியாளர்களைச் சந்தித்து, அவர்களோடு அமர்ந்து பேசி நன்றி சொன்னார். அவருடைய 42-ஆம் எண்ணுக்கும் ஒரு தனிச் சிறப்பு உண்டு. இருபதாம் நூற்றாண்டில் பெருங்குழுப் போட்டிகளின் நிறத்தடையை முதன்முதலில் தகர்த்த கறுப்பின ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சனின் நினைவாக, 1997-இல் எல்லா அணிகளும் அந்த எண்ணுக்கு ஓய்வு கொடுத்தன. அப்போது அதை அணிந்திருந்தவர்கள் மட்டும் தொடரலாம் என்று விலக்கு அளிக்கப்பட்டது. அவர்களுள் கடைசியாக எஞ்சியிருந்தவர் ரிவேராதான்.

கேள்வி: லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணி 2023-இல் ஃபெர்னாண்டோ வாலன்சுவேலாவின் 34-ஆம் எண்ணுக்கு ஓய்வளித்தது. அவர் அந்த அணியை விட்டுச் சென்று 32 ஆண்டுகள் கழித்து ஏன் இந்தச் சிறப்பு?

பதில்: இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல வேண்டும்.

டாட்ஜர்ஸ் அரங்கம் 1962-இல் சாவேஸ் ரவீன் என்ற இடத்தில் திறக்கப்பட்டது. அங்கே முன்பு மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் வீடுகளில் வாழ்ந்து வந்தன. அரசுக் குடியிருப்புகள் கட்டப்போவதாகச் சொல்லி 1950-களின் தொடக்கத்தில் அவர்களை வெளியேறச் செய்தார்கள். குடியிருப்புகள் வரவே இல்லை. எஞ்சியிருந்த கடைசிக் குடும்பங்களை 1959-இல் வலுக்கட்டாயமாக அப்புறப்படுத்தினார்கள். அந்த நிலம் பேஸ்பால் அரங்கம் ஆயிற்று. நகரின் மெக்சிகோ வம்சாவளி மக்களில் பலருக்கு அந்த அரங்கத்துக்குள் காலெடுத்து வைக்கவே மனம் வராமல் இருந்ததில் வியப்பில்லை.

1981 ஏப்ரலில், பருவத்தின் முதல் ஆட்டத்தில் எறிய வேண்டியிருந்த ஜெர்ரி ராய்ஸ் காயமடைந்ததால், மெக்சிகோவின் சொனோரா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் உழவர் குடும்பத்தில் 12 பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்த 20 வயது இளைஞரை மேட்டில் ஏற்றினார்கள். ஆங்கிலம் அறியாத, பருத்த உடல்வாகு கொண்ட வாலன்சுவேலா அன்று ஹூஸ்டன் அணிக்கு ஒரு ரன்கூட விட்டுக்கொடுக்கவில்லை. தொடர்ந்து, அவர் தொடங்கிய முதல் 8 ஆட்டங்களிலும் வென்றார். அவற்றுள் 5 ஆட்டங்களில் எதிரணிக்கு ரன்னே கிடையாது. எறிவதற்கு முன் அவர் கண்களை வானத்தை நோக்கி உயர்த்துவார். அவர் கையாண்ட ஸ்க்ரூபால், வழக்கமான வளைபந்துக்கு எதிர்த்திசையில் வளையக்கூடியது. அதற்காக மணிக்கட்டை உள்நோக்கித் திருக வேண்டும் என்பதால் அதைப் பழகத் துணிபவர்கள் மிகச் சிலரே. அந்த ஆண்டு டாட்ஜர்ஸ் யாங்கீஸை வீழ்த்தி, பெருங்குழுப் போட்டிகளின் இறுதிச் சுற்றான உலகத் தொடரை வென்றது. சிறந்த புதுமுகத்துக்கான விருதையும், சிறந்த பிட்சருக்கான சை யங் விருதையும் ஒரே ஆண்டில் பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவரே.

விருதுகளைவிடப் பெரிய மாற்றம் பார்வையாளர் வரிசைகளில் நிகழ்ந்தது. அதுநாள்வரை விலகி நின்ற மக்கள், தங்களைப் போன்ற முகமும் தங்கள் மொழியும் கொண்ட ஒருவர் நடுமேட்டில் நிற்பதைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். வெளியேற்றத்தின் வலியை ஒரு பிட்சரின் வெற்றி ஆற்றிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அரங்கம் தங்களுக்கும் உரியது என்ற உரிமையுணர்வை அவர்கள் அவர் வழியாகத்தான் பெற்றார்கள்.

அப்படிப்பட்டவரை 1991-இல், பருவம் தொடங்கச் சில நாட்களே இருந்தபோது, அணி விடுவித்துவிட்டது. அப்போது அவருக்கு வயது 30. பேஸ்பாலின் தலைசிறந்தவர்களைப் போற்றும் புகழ்க்கூடத்தில் இடம்பெற்றவர்களின் எண்ணுக்கு மட்டுமே ஓய்வு என்பது டாட்ஜர்ஸ் நிர்வாகத்தின் கொள்கை. புகழ்க்கூடத்துக்குப் பேஸ்பால் எழுத்தாளர்களின் வாக்குகளில் 75 விழுக்காடு தேவை. 5 விழுக்காட்டுக்குக் கீழே போனால் பெயர் பட்டியலிலிருந்தே நீங்கிவிடும். வாலன்சுவேலாவுக்கு இரண்டாம் முயற்சியிலேயே அந்த நிலை ஏற்பட்டது. ஆனாலும் அணியின் உடைமாற்று அறையில் சட்டைகளுக்குப் பொறுப்பாக இருந்தவர்கள் 34-ஐ வேறு யாருக்கும் எடுத்துக் கொடுக்கவில்லை. எவருடைய கையெழுத்தும் இல்லாமல், 32 ஆண்டுகள் அந்த எண் காத்திருந்தது. பயிற்சியாளராகப் பணியாற்றிய காலத்திலேயே மறைந்த ஜிம் கில்லியமுக்காக 1978-இல் கொள்கையைத் தளர்த்திய நிர்வாகம், இவருக்காகவும் எப்போதோ தளர்த்தியிருக்கலாம் என்பதே என் கருத்து. 2023 ஆகஸ்ட் 11-இல்தான் அது நிகழ்ந்தது.

கேள்வி: அந்தச் சிறப்பை அனுபவிக்க அவருக்குக் காலம் இருந்ததா?

பதில்: ஓராண்டும் சில வாரங்களும் இருந்தன. 2003 முதலே அவர் டாட்ஜர்ஸ் ஆட்டங்களுக்கு ஸ்பானிய மொழியில் வருணனை செய்து வந்தார். தம்முடைய எண் பொறிக்கப்பட்ட அரங்கத்துக்கு அதே வேலைக்காக 2024-இலும் வந்தார். அந்த ஆண்டு அக்டோபர் 22-இல், 63-ஆம் வயதில் காலமானார். மூன்று நாட்கள் கழித்து உலகத் தொடர் அதே அரங்கத்தில் தொடங்கியது. எதிரணி, 1981-இல் போலவே, யாங்கீஸ். டாட்ஜர்ஸ் ஆட்டக்காரர்கள் அனைவரும் சட்டையில் 34 என்று பொறித்த சிறு பட்டையைத் தைத்துக்கொண்டு ஆடினார்கள், தொடரையும் வென்றார்கள்.